ஹார்பர் லைனில் ஹார்பர் எங்கே?

செம்பூரிலிருந்து வி.டி. போகிற ரயில் பாதைக்கு ஹார்பர் லைன் என்று பெயர். (வி.டி.க்குப் பெயர் மாறி ரொம்ப நாளாச்சு. நாக்கு இன்னும் மாறவில்லை.) சாதாரணப் பாதை இல்லை இது. இந்தியாவின் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் தேதி வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு ஓடியது இதே தண்டவாளத்தில்தான். வடாலா தாண்டினால் சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்று வரிசையாக ஸ்டேஷன்கள். கிழக்குப் பக்கம் பூராவும் துறைமுக நிலம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? மதில் சுவர், தகரக் கூரை, கிடங்கு, வரிசை கட்டி நிற்கிற லாரி. கண் நன்றாக இருந்தால் தூரத்தில் இரண்டு கிரேன் தலைகள். ஹார்பர் லைனில் பத்து வருஷம் போய் வந்தாலும் ஹார்பரைப் பார்க்க முடியாது.

இந்த ஊரே துறைமுகத்தால் வந்த ஊர் என்பதுதான் வேடிக்கை. ஏழு தீவுகளை ஒட்டுப் போட்டு ஒரு நகரமாக்கியதற்குக் காரணமே கிழக்குப் பக்கம் இருக்கிற ஆழமான, அலை குறைந்த இந்த நீர்ப்பரப்புதான். 1873இல் துறைமுகப் பொறுப்புக் கழகம் வந்தது. 1875இல் சசூன் டாக். 1880இல் பிரின்சஸ் டாக். அப்புறம் விக்டோரியா டாக். 1914இல் அலெக்சாண்ட்ரா டாக், அதாவது இன்றைய இந்திரா டாக். அலெக்சாண்ட்ரா டாக் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய இடம்தான் நாம் வாயைப் பிளந்து பார்க்கிற பல்லார்ட் எஸ்டேட். பருத்தி ஏறியது, பணம் இறங்கியது, மில் வந்தது, மில்லுக்கு ஆள் வந்தது, ஆளுக்குப் பின்னால் நாமும் வந்தோம்.

ஆனால் மும்பையில் இருக்கிற நம் ஆட்கள் பத்து பேரைக் கேட்டுப் பாருங்கள், துறைமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று. ஒன்பது பேர் கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறி எலிஃபண்டா போன கதையைச் சொல்வார்கள். மரீன் டிரைவில் கடலை வாங்கிக் கொறித்த கதையைச் சொல்வார்கள். துறைமுகம்? சினிமாவில் பார்த்ததுதான். 'தீவார்' படத்தில் அமிதாப் 786 வில்லையோடு நிற்பாரே, அது. அதைத் தமிழில் 1981இல் 'தீ' என்று எடுத்து ரஜினி நடித்தாரே, அது. இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், ராமநாதபுரம் பக்கம் பனைக்குளத்திலிருந்து வந்து இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அப்புறம் வேறு மாதிரிப் பெரிய ஆளான ஹாஜி மஸ்தானைச் சொல்வார்கள். அவ்வளவுதான் நமக்கும் துறைமுகத்துக்கும் உறவு.

அதற்கு முந்தைய உறவு ஒன்று இருக்கிறது. 1906இல் தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பித்த வ.உ.சி., கப்பல் வாங்குவதற்காக வந்தது இதே பம்பாய்க்குத்தான். கப்பலோடுதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு வந்தார் என்பார்கள். வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். தாராவியில் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிறோம். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்றால், எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வது? சுவருக்கு முன்னாலா?

போன மாதம் தாராவி 90 அடி ரோட்டில் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

"நீங்க டாக்குக்குள்ள போயிருக்கீங்களா அண்ணாச்சி?"

"எங்கய்யா முப்பது வருசம் அங்கதான் மூட்டை தூக்குனாவ தம்பி. நான் கேட்டு வரைக்கும் போயிருக்கேன். தூக்குச்சட்டில சோறு கொண்டு குடுக்க."

"உள்ள பாத்ததே இல்லையா?"

"வாட்ச்மேன் விடமாட்டானே. கப்பல் ஊதுற சத்தம் கேக்கும். அம்புட்டுதான். அய்யா செத்தப்பொறவு அந்தப் பக்கமே போகல."

முப்பது வருஷம் அப்பா உழைத்த இடத்தை மகன் கண்ணால் பார்த்ததில்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெல்லம் நிறுக்கப் போய்விட்டார். எனக்குத்தான் உறுத்தியது.

உறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாக அமெரிக்காவில் மினியாபொலிஸில் கொஞ்ச காலம் இருக்க நேர்ந்தது. வாரக் கடைசியில் வடக்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் டுலூத் என்று ஒரு ஊர். சுப்பீரியர் ஏரிக் கரையில் இருக்கிறது. ஏரி என்றால் நம்மூர் மதுராந்தகம் ஏரி மாதிரி நினைத்துவிடாதீர்கள். சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் முழுகிவிடும். அதன் மேற்குக் கோடியில் ஒரு துறைமுகம். அட்லாண்டிக் கடலிலிருந்து ஆறும் ஏரியும் மதகுமாக 3,700 கிலோமீட்டர் உள்ளே வந்தால்தான் இந்த ஊர். 1959இல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்த பிறகு கடல் கப்பலே அங்கே வருகிறது.

அழகான ஊர் என்று சொல்ல முடியாது. சுத்தமான தொழில் துறைமுகம். இரும்புத் தாதும் நிலக்கரியும் தானியமும் சுண்ணாம்புக் கல்லும்தான் சரக்கு. ஆண்டுக்கு 3 கோடி டன் அளவில். ஊரில் ஒரு லட்சம் பேர்கூடக் கிடையாது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை மதகு மூடிவிடுவார்கள், ஏரி உறைந்து கிடக்கும். ஆனால் கப்பல் ஓடுகிற மாதங்களில் அந்த வாய்க்கால் ஓரத்தில் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்! மடக்கு நாற்காலியோடு வருகிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். 1905இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. 1930 வாக்கில் அதை மாற்றி, நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறபடி செய்திருக்கிறார்கள். கப்பல் வரும்போது பாலம் எழும்புகிறது. கப்பல் ஊதுகிறது, பாலம் பதிலுக்கு ஊதுகிறது. முந்நூறு மீட்டர் நீளக் கப்பல், கல்லை விட்டெறிந்தால் படுகிற தூரத்தில், நம் முன்னால் நகர்ந்து போகிறது. மேல்தட்டில் நிற்கிற மாலுமிக்கு ஜனங்கள் கையாட்டுகிறார்கள். அவரும் கையாட்டுகிறார்.

பக்கத்திலேயே ஒரு கட்டடம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நடத்துகிற கடல்சார் காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. என்ன கப்பல், எத்தனை மணிக்கு வரும், என்ன சரக்கு, எங்கே போகிறது என்று போட்டுவிடுகிறார்கள். பத்து வயசுப் பையன் பக்கத்தில் நின்று, "அது தாது ஏத்திட்டுப் போகுது, ஒஹாயோ இரும்பு ஆலைக்கு" என்று எனக்குப் பாடம் எடுத்தான். தன் ஊர் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று அந்தப் பையனுக்குத் தெரிகிறது. 1975 நவம்பர் 10ஆம் தேதி அந்த ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தாதுக் கப்பல் 29 பேரோடு மூழ்கிய கதையும் அவனுக்குத் தெரியும்.

மும்பைத் துறைமுகம் இதைப் போல இரண்டு மடங்கு சரக்கைக் கையாளுகிறது. ஆண்டுக்கு 6 கோடி டன்னுக்கு மேல். பெரும்பங்கு எண்ணெய். நம் செம்பூருக்குப் பக்கத்தில், மாஹுல் தாண்டி, பிர் பாவ் ஜெட்டியிலும் ஜவாஹர் தீவிலும் இறங்குகிறது. குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்கு வருகிறது. மாஹுல் காற்றை நாம்தான் சுவாசிக்கிறோம். அந்தக் காற்றால் மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. 2017 அக்டோபரில் ஜவாஹர் தீவில் மின்னல் தாக்கி டீசல் தொட்டி நாட்கணக்கில் எரிந்தபோது, "அங்கே ஒரு தீவு இருக்கா?" என்று என்னிடம் கேட்டவர் செம்பூரில் முப்பது வருடம் குடியிருப்பவர்.

"அதெல்லாம் பாதுகாப்பு விஷயம் சார்" என்பார்கள். இது லேசான காரணம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்திலேயே கடற்படைத் தளம், இந்தப் பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையம். 2008 நவம்பர் 26இல் கடல் வழியாகத்தான் வந்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் துறைமுக வாசல் வழியாக வரவில்லை. கஃப் பரேடு பக்கம் மீனவர் குடியிருப்பில் வந்து இறங்கினார்கள். அவர்களை முதலில் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டவர்கள் அங்கிருந்த மீனவர்கள். கடலைத் தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் புதிதாக வந்த படகு தெரியும். உலகம் பூராவும் துறைமுகங்களுக்கான பாதுகாப்பு விதி 2004 ஜூலையில் அமலுக்கு வந்தது. டுலூத்துக்கும் அதே விதிதான். தாது ஏற்றும் மேடைக்குள் அங்கேயும் நம்மை விடமாட்டார்கள். பார்ப்பதற்கு ஒரு கரை விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே விடுவது வேறு, பார்க்க விடுவது வேறு.

மறைத்து வைத்தால் பத்திரம் என்பதற்கு நம் துறைமுகத்தின் வரலாறே எதிர்சாட்சி. ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரை முதல் நாள், தாராவியில் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம். 1944இல் அதே தேதியில் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தது. சுமார் 1,400 டன் வெடிமருந்து, அதோடு பருத்திப் பொதி, அதோடு தங்கக் கட்டி, எல்லாம் ஒரே கப்பலில். மத்தியானம் பருத்தியில் புகை கிளம்பியது. சாயங்காலம் நாலு மணி தாண்டி வெடித்தது, அரை மணியில் மறுபடியும். செத்தவர்கள் 800 முதல் 1,300 வரை என்று ஆளுக்கொரு கணக்கு. தீயணைக்கப் போன வீரர்கள் பலர் திரும்பவில்லை. கரையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கப்பலில் என்ன இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? யுத்த காலத் தணிக்கை வேறு. வெளியுலகத்துக்கு விவரமாக முதலில் சொன்னது ஜப்பான்காரன் கையிலிருந்த சைகோன் ரேடியோ! இங்கிருந்து பத்திரிகைக்காரர்கள் செய்தி அனுப்ப அனுமதி கிடைத்தது மே மாதம்தான். இன்றைக்கு ஏப்ரல் 14 நாடு முழுக்கத் தீயணைப்புப் பணியாளர் தினம். எதனால் அந்தத் தேதி என்று எத்தனை மும்பைக்காரருக்குத் தெரியும்?

சரி, பார்த்து என்ன ஆகப்போகிறது, வேலையைப் பார் என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பார்க்காத சொத்து பறிபோனால் தெரியாது.

மில்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம். மில்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பரேல், லால்பாக் பக்கம் சுமார் 600 ஏக்கர் நிலம். 1991 விதிப்படி மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு என்றார்கள். 2001இல் விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்தில் மட்டும்தான் பங்கு என்று ஆக்கினார்கள். வழக்கு போனது. 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. விளைவைப் பார்க்க லோயர் பரேல் ஸ்டேஷனில் இறங்கினால் போதும். மால் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, உட்கார மர நிழல் தேடினால் காசு கொடுத்துக் காபி குடிக்க வேண்டும். மதிலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஊருக்குத் தெரியாது. அதனால் போனது என்ன என்பதும் தெரியவில்லை.

இப்போது அடுத்த மதில். கிழக்குக் கரையில் துறைமுகத்துக்குச் சுமார் 1,800 ஏக்கர் நிலம் இருக்கிறது. தீவு நகரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 1989இல் எதிர்க்கரையில் நவா சேவா துறைமுகம் திறந்த பிறகு கன்டெய்னர்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. பிரின்சஸ் டாக்கையும் விக்டோரியா டாக்கையும் தூர்த்தார்கள். நிலத்தை என்ன செய்யலாம் என்று 2014இல் ராணி ஜாதவ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2018இல் வரைவுத் திட்டம் வந்தது. 2021 சட்டத்தில் பொறுப்புக் கழகம், 'ஆணையம்' ஆனது. 2025இல் பல்லார்ட் பியர் பக்கம் சர்வதேச உல்லாசக் கப்பல் முனையம் திறந்தார்கள். பூங்கா வரும், நடைபாதை வரும் என்கிறார்கள். வந்தால் நல்லதுதான். உல்லாசக் கப்பலுக்கு நான் எதிரியும் இல்லை. அந்த நிலத்தில் வாழ்கிற ஜனங்கள், இன்னும் நடக்கிற தொழில்கள், இதெல்லாம் அந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தப் பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். கோல்சா பந்தர் என்றால் கரித்துறை. லக்கடி பந்தர் என்றால் மரத்துறை. தாருகானா என்றால் வெடிமருந்துக் கிடங்கு. காட்டன் கிரீன் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு பெயரும் ஒரு தொழில். 2014இல் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை உடைத்தது தாருகானாவில்தான். அந்த இரும்பில் கொஞ்சத்தை உருக்கி மோட்டார் சைக்கிள் செய்து 2016இல் விற்றது ஊருக்கெல்லாம் தெரியும். கையில் கேஸ் கட்டரோடு அதை உடைத்தவன் யார், எந்தக் கொட்டகையில் தூங்கினான் என்பது தெரியாது. விளம்பரத்தில் அவன் இல்லை. நாளை வரைபடத்திலும் அவன் இல்லாமல் போனால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017 கடைசியில் சசூன் டாக்கில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். மீன் நாற்றம் மூக்கைத் துளைக்கிற இடம். மூக்கைப் பொத்திக்கொண்டாவது கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2024 ஜனவரியில் அடல் சேது திறந்ததும் ஜனங்கள் நடுப்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், போலீஸ் வந்து அபராதம் போடுகிற அளவுக்கு. பாலத்தில் நிறுத்துவது தப்புதான். ஆனால் அந்தத் தப்புக்குப் பின்னால் இருக்கிற பசியைப் பாருங்கள். 21.8 கிலோமீட்டர் பாலம், ஒரு தடவை போக 250 ரூபாய் டோல், பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி கிடையாது. தன் ஊர்த் துறைமுகத்தை மேலிருந்து ஒரு பார்வை பார்க்கக்கூட கார் வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மூன்றே மூன்று.

ஒன்று, வேலை நடக்கிற கப்பல் துறையைப் பார்க்கிற மாதிரி, வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு பொது மேடை. கட்டணம் இல்லாமல். சிவ்ரி ஸ்டேஷனிலிருந்தோ டாக்யார்டு ரோடு ஸ்டேஷனிலிருந்தோ நடந்து போகிற தூரத்தில். என்ன கப்பல், எந்த நாட்டிலிருந்து, என்ன சரக்கு என்று மராத்தியிலும் இந்தியிலும் ஒரு பலகை. (தமிழும் போட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம் :))

இரண்டு, வருடத்துக்குச் சில நாள், அடையாள அட்டை பார்த்து, பள்ளிப் பிள்ளைகளை வண்டியில் உள்ளே கூட்டிப் போய்க் காட்டுவது. கடற்படை தன் போர்க்கப்பலையே கடற்படை தினத்தை ஒட்டிப் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. சரக்குக் கப்பலில் அதைவிடவா ரகசியம்?

மூன்று, நிலத்தில் என்ன கட்டினாலும் முதலில் தண்ணீர் ஓரத்தைப் பொதுவழியாக விட்டுவிட்டு மிச்சத்தில் கட்டுவது. டுலூத்தில் கப்பல் பார்க்கிற அந்த இடமும் ஒரு காலத்தில் கிடங்கும் பழைய இரும்புமாகக் கிடந்த இடம்தான். தண்ணீர் ஓரத்தை ஊருக்கு விட்டார்கள். துறைமுகமும் மூடவில்லை, ஊரும் ஏழையாகவில்லை.

இதைச் செய்தால் நிலம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் தினம் ஆயிரம் பேர் வந்து நின்று பார்க்கிற இடத்தில் ஒரு நாள் திடீரென்று தகர வேலி முளைத்தால், ஆயிரம் பேர் ஏன் என்று கேட்பார்கள். மதிலுக்குப் பின்னால் முளைக்கிற வேலியை யாரும் கேட்க மாட்டார்கள்.

டிஸ்கி: இப்போதைக்குத் துறைமுகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கைவசம் இருப்பவை. டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் இறங்கி பாவ்ச்சா தக்கா போங்கள். அங்கிருந்து மோரா, ரேவாஸ் படகும், 2020 முதல் மாண்ட்வாவுக்கு வண்டி ஏற்றும் பெரிய கப்பலும் போகின்றன. வழியில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களை நன்றாகப் பார்க்கலாம். எலிஃபண்டா படகில் போகிறவர்கள் குகைக்குத் தூங்கிக்கொண்டே போகாமல் இடது பக்கம் கண்ணை வைத்திருங்கள், எண்ணெய்த் தொட்டிகளோடு ஜவாஹர் தீவு தெரியும். குளிர்காலம் தொடங்கிக் கோடை வரைக்கும் சிவ்ரி சேற்றில் பூநாரைகள் நிற்கும். அதைப் பார்க்கப் போகிற சாக்கில் பின்னால் திரும்பித் துறைமுகத்தையும் ஒரு தடவை பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாராவி அண்ணாச்சியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ்ச்சா தக்காவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் வருகிறேன் என்றிருக்கிறார்.